ஊர்க் கூட்டம் வேண்டாம், கோர்ட்டுக்குப் போங்கள்

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து லாரி ஓட்டுகிறேன். மாதத்தில் ஐந்தாறு நாள்தான் வீட்டில் தங்குவேன். என் மனைவிக்கும் உள்ளூர்க்காரன் ஒருவனுக்கும் தொடர்பு இருப்பது தெரிந்துவிட்டது. ஸ்டேஷனில், “இதெல்லாம் இப்ப கேஸ் இல்லப்பா” என்று அனுப்பிவிட்டார்கள். செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பன் மூலம் அவளுடைய கால் லிஸ்டை வாங்கி வைத்திருக்கிறேன். கூட்டம் போட்டு அவனுக்கு அபராதம் விதித்து, பத்திரத்தில் எழுதித் தீர்த்துவிடலாம் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். மாமனாரோ பிள்ளைகளுக்காகச் சேர்ந்து வாழச் சொல்கிறார். மூன்று வயது மகள் எனக்குப் பிறந்தவள்தானா என்றுகூட மனம் கேட்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஸ்டேஷனில் சொன்னது சரிதான். திருமணத்துக்கு வெளியே உள்ள உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை, ஜோசப் ஷைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இல்லை. அந்தக் காலம் என்றால் அவனை உள்ளே தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று டீக்கடையில் யாராவது சொல்லியிருப்பார்கள். அப்போதும் போலீஸ் தானாகக் கைது செய்ய முடியாது. கணவன்தான் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும். கணவன் சம்மதித்திருந்தால் அது குற்றமே இல்லை. கணவன் வேறொருத்தியுடன் போனால் மனைவி அந்தப் பிரிவில் புகார் கொடுக்கவும் வழி கிடையாது. இன்றைக்கும் ஊரறியச் சின்ன வீடு வைத்திருப்பவருக்காக எந்த ஊரும் கூட்டம் போட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது சட்டம் உங்களுக்குத் தருவது விவாகரத்து. இந்து திருமணச் சட்டம் 13(1)(i)இன்படி, திருமணத்துக்குப் பிறகு வேறொருவருடன் விரும்பி உடலுறவு கொண்டது நிரூபணமானால் போதும். ஒரு முறை என்றாலும் அது காரணம்தான். கண்ணால் பார்த்த சாட்சி கிடைப்பது அபூர்வம் என்பது நீதிபதிகளுக்கும் தெரியும். சூழ்நிலைகளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஆனால் அந்தக் கால் லிஸ்டை நம்பிப் போகாதீர்கள். பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த ஒரு விவாகரத்து வழக்கில் கணவர் இதே வேலையைத்தான் செய்தார். 2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அழைப்பு விவரங்களைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றார். அந்தரங்க உரிமை மனைவிக்கும் உண்டு. அதன் பிறகு 2025 ஜூலையில், கணவன் மனைவி தங்களுக்குள் பேசியதை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் அதை ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கு கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிய பேச்சைப் பற்றியது. நண்பனைப் பிடித்து கம்பெனியிலிருந்து கால் லிஸ்ட் எடுப்பது வேறு. அதில் நண்பனின் வேலையும் போகலாம். லிஸ்டை யாருக்கும் அனுப்பாமல் முதலில் வக்கீலிடம் காட்டுங்கள்.

மகள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நீங்கள் இருவரும் கணவன் மனைவியாக இருந்த காலத்தில் பிறந்த குழந்தை உங்கள் குழந்தை என்பதுதான் சட்டத்தின் நிலை. அதை உடைக்க வேண்டுமானால், கருவுற்ற காலத்தில் நீங்கள் இருவரும் சேர வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்ட வேண்டும். மாதம் ஐந்தாறு நாள் வீட்டில் இருந்த உங்களால் அது முடியாது. மனைவி மீதான குற்றச்சாட்டை நிரூபிக்கக் குழந்தையை எடுத்த எடுப்பில் டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பக் கூடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்தச் சந்தேகத்தை மனுவில் எழுத வேண்டாம்.

அடுத்தது ஊர்க் கூட்டம். மிரட்டி வாங்கினால் அது அபராதமாகாது, பணப் பறிப்பு. காலில் விழ வைத்தாலோ அடித்தாலோ தனித்தனி வழக்கு. அதில் ஏ1, அதாவது முதலில் குற்றம் சாட்டப்படுபவர், நீங்களாகத்தான் இருப்பீர்கள். கோர்ட்டுக்குப் போகாமல் பத்திரத்தில் எழுதித் திருமணத்தைத் தீர்த்துவிடுவது உங்கள் சமூகத்தில் பழைய வழக்கம் என்றால், இந்து திருமணச் சட்டம் 29(2) அந்த உரிமையைக் காப்பாற்றுகிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் விடாமல் இருந்து வருகிறது என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாமல் போய், அதற்குள் நீங்கள் இன்னொரு திருமணமும் செய்திருந்தால், இருதார வழக்கில் ஏழு ஆண்டு வரை தண்டனை.

மாமனார் சொல்வதிலும் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. எல்லாம் தெரிந்த பிறகு மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்தால், அதே சம்பவத்தைக் காட்டி விவாகரத்துக் கேட்க முடியாது. சேர்ந்து வாழ்வது நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல வரவில்லை. முடிவெடுக்காமல் பாதி வீடும் பாதி கோர்ட்டுமாக இருக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஜீவனாம்சம்: தொடர்ந்து இன்னொருவருடன் வாழும் மனைவிக்கு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவில் கிடையாது, எப்போதோ ஒரு முறை நடந்ததை வைத்து மறுக்க முடியாது. பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுத்தே ஆக வேண்டும். ஐந்து வயது முடியாத மகள் பெரும்பாலும் தாயிடமே இருப்பாள்.

அவளும் பிரியச் சம்மதித்தால், இருவரும் ஓராண்டு தனித்திருந்த பிறகு பரஸ்பர சம்மத மனு போடலாம். அதில் யாருடைய கதையையும் நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் நிலைமையில் நான் முதலில் முயன்று பார்ப்பது அதைத்தான்.