அம்மாவுடன் வானவில் மலை: வினிகுன்காவை விட்டு பால்கோயோ போங்கள்

62 வயது அம்மாவுடன் பெரு நாட்டின் குஸ்கோ நகரில் இறங்கிய மறுநாளே, வானவில் மலை எனப்படும் வினிகுன்கா ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். குஸ்கோவே சுமார் 3,400 மீட்டர். வினிகுன்கா உச்சி 5,000 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் பாதியளவுதான். குதிரை கிடைக்கும், ஆனால் கடைசிச் செங்குத்து ஏற்றத்துக்கு முன்பே இறக்கிவிடுவார்கள். மூச்சு முட்டுவதே அந்த இடத்தில்தான்.

இன்னொரு வானவில் மலையான பால்கோயோவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதுவும் ஏறக்குறைய 4,900 மீட்டர்தான், ஆனால் வண்டியே பெரும்பகுதி உயரத்தை ஏறிவிடும். நடை ஒரு பக்கம் முக்கால் மணி, ஒரு மணி நேரம், ஏற்றம் மிதமானது. இரும்பு ஆக்சைடு சிவப்பாக்கிய வரிமலைகள் மூன்று தெரியும், கூட்டமும் குறைவு. மேலே கூரிய பாறைகள் நிற்கும் ‘கல்காடு’ வரை ஏற அம்மாவைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

முதல் இரண்டு இரவு குஸ்கோவைவிடத் தாழ்வான உருபம்பா ஊரில் (சுமார் 2,900 மீட்டர்) தங்குங்கள், பிறகு குஸ்கோவில் இரண்டு. ஐந்தாம் நாள் மலை. உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைட் மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். அம்மா இரத்த அழுத்த மாத்திரை எடுத்தாலோ, சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தாலோ கட்டாயம் சொல்லுங்கள்.

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். வழிகாட்டியிடம் ஆக்சிஜன் இருக்கிறதா என்று முன்பதிவிலேயே கேளுங்கள். உட்கார்ந்திருந்தும் மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே உடனே கீழே இறக்குங்கள். ஓய்வெடுத்தால் சரியாகும் என்று மேலேயே காத்திருப்பதுதான் ஆபத்து.

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். மற்ற மாதங்களில் பனி விழுந்தால் நிறமே தெரியாது.