ஏழு வருடம் வயரிங் செய்தவர் இனி எதைப் படிப்பது?

மூதூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஏழு வருடமாக ஒரு கொந்தராத்துக்காரரிடம் வீட்டு வயரிங் செய்கிறேன். சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுவிட்டது, சான்றிதழ் எதுவும் இல்லை. சம்பூரில் சோலர் வேலை வருகிறதே, கொழும்பில் மூன்று நாள் சோலர் கோர்ஸ் செய் என்கிறார் அத்தான். காசு கட்டலாமா?”

இப்போதைக்கு வேண்டாம். அத்தான் சொல்வது தவறில்லை, ஆனால் வரிசை மாறிவிட்டது. சம்பூரில் 2025 ஏப்ரலில் கட்டுமானம் தொடக்கிவைக்கப்பட்டது 120 மெகாவாட் சோலர் நிலையம். அப்படிப்பட்ட இடங்களில் ஆள் எடுப்பவர் முதலில் கேட்பது, எலக்ட்ரீசியனாக உங்களுக்கு என்ன தகைமை என்பதைத்தான். அதற்கு நாட்டில் செல்லுபடியாகும் பதில் தேசிய தொழில் தகைமை, நாம் என்விகியூ என்கிறோமே, அது. எலக்ட்ரீசியனுக்கு மூன்றாம், நான்காம் மட்டங்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமா.

ஏழு வருடம் வேலை செய்தவர் மறுபடி வகுப்பில் உட்கார்ந்து குறடு பிடிக்கப் பழக வேண்டியதில்லை. செய்து பழகிய வேலையை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் ஆர்பிஎல் என்ற வழி இருக்கிறது. நைட்டா என்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை இதைச் செய்கிறது. கொந்தராத்துக்காரரிடம் சேவைக் கடிதம் வாங்குங்கள். செய்த வேலைகளின் படங்களைச் சேருங்கள்: திறந்த டிபி போர்ட் (பிரேக்கர்கள் உள்ள பெட்டி), குழாய் பதித்த சுவர், எர்த் குழி. மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார், செய்து காட்டச் சொல்வார். குறை தெரிந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் பயிற்சி எடுத்துவிட்டு வரலாம்.

அந்தக் குறை எங்கே இருக்கும் என்று இப்போதே ஊகிக்கலாம். கொந்தராத்து வேலையில் வளர்ந்தவர்களுக்குக் கைவேலை சுத்தமாக இருக்கும். லைட் எரிந்தால் வேலை முடிந்தது என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம், அளப்பதில்லை. கரண்ட் கொடுக்கும் முன் வயர்களின் தொடர்ச்சி பார்க்க வேண்டும். இன்சுலேஷனை அளக்கும் மெகரை 500 வோல்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் ஏற்கக்கூடாது, புது வயரிங்கில் அதைவிடப் பல மடங்கு வர வேண்டும். கரண்ட் கொடுத்த பிறகு, கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச்: 30 மில்லிஅம்பியர் சுவிட்ச் அதே அளவு கசிவுக்கு 300 மில்லிசெக்கனுக்குள் விழ வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திவிட்டு “வேலை செய்யுது” என்பது போதாது. உங்கள் எர்த் கம்பி நன்றாக இருக்கிறதா என்று அந்தப் பட்டனுக்குத் தெரியாது.

எர்த்தை நம்மூரில் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். இலங்கை வீடுகளில் எர்த் என்பது பெரும்பாலும் அவரவர் வளவில் அடித்த கம்பிதான். நிலாவெளி, உப்புவெளி மணலில் மாரியில் நல்ல அளவு காட்டும் கம்பி, கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் தடை ஏறிப்போய் நிற்கும். கணக்குப்படி, பாதுகாப்பு எல்லையான 50 வோல்ட்டை 0.03 அம்பியரால் வகுத்தால் 1,667 ஓம் வரை அந்தச் சுவிட்ச் விழத்தான் செய்யும். ஆனால் 200 ஓமைத் தாண்டிய எர்த் நிலையாக நிற்காது என்றே விதிமுறைகள் எச்சரிக்கின்றன. ஆகவே ஈரம் எட்டும்வரை கம்பியை ஆழமாக இறக்கி, கோடையில் அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். மதிப்பீட்டின்போது அந்தக் கொப்பியையே சான்றாகக் காட்டலாம்.

இன்னொன்று டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவர். அதிலுள்ள லைட் எரியவில்லை என்பதற்காக லைனைத் தொடாதீர்கள். இரண்டு முனை டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில், பிறகு மறுபடி கரண்ட் இருக்கும் இடத்தில். நிலையங்களில் இத்தோடு, நிறுத்திய சுவிட்சை வேறு யாரும் போடாமலிருக்கப் பூட்டு, வேலை அனுமதிப் பத்திரம் எல்லாம் வரும். வீட்டு வயரிங்கில் இருந்து போகிறவர்களுக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

சரி, சோலர். அங்கே ஆபத்தே வேறு மாதிரி. பேனல் ஒன்று 50 வோல்ட் என்றால் பதினெட்டைத் தொடராகக் கோர்த்தால் 900 வோல்ட், அதுவும் டிசி. வீட்டு ஏசி கரண்ட் செக்கனுக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொடுவதால் பிரேக்கர் திறக்கும்போது பொறி சுலபமாக அணையும். டிசி அப்படித் தொடுவதில்லை, பொறி இழுபடும். ஏசி பிரேக்கரை டிசிக்குப் போட்டால் அது தீப்பிடிக்கலாம். மெயினை நிறுத்தினாலும் வெயில் இருக்கும்வரை பேனலில் கரண்ட் இருக்கும். பேனல் வயர்களை இணைக்கும் கனெக்டர்களிலும் ஆபத்து உண்டு: ஒரு கம்பனியின் ஆணும் இன்னொன்றின் பெண்ணும் பார்க்கப் பொருந்தும், உள்ளே தொடுகை சரியில்லாமல் சூடேறும்.

இதெல்லாம் கையால் பழக வேண்டிய வேலை. அதனால் கோர்ஸ்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். வயர் நுனியில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் கிரிம்ப் கருவி என் கையில் எவ்வளவு நேரம் இருக்கும்? இந்தக் கோர்ஸ் என்விகியூவுக்கு அங்கீகரிக்கப்பட்டதா? மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் “நிறுவனம் பதிவு செய்யப்பட்டது” என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். பதிவு நிறுவனத்துக்கு, அங்கீகாரம் ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனியாக. அங்கீகாரம் இல்லாத கோர்ஸிலும் ஏதாவது கற்கலாம், ஆனால் அந்தத் தாளை நம்பி காசு கட்டாதீர்கள்.

முழுநேரமாகப் படிக்க வசதி இருந்தால் திருகோணமலை தொழில்நுட்பக் கல்லூரியில் விசாரியுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. சம்பளத்தை விட முடியாத நிலை என்றால் ஆர்பிஎல்தான் உங்களுக்கு. சேவைக் கடிதத்தை இந்தக் கிழமையே கேட்டு வாங்கிவிடுங்கள். வேலையை விட்டுவிட்டுப் போய்க் கேட்டால் எந்தக் கொந்தராத்துக்காரரும் இலகுவில் எழுதித் தர மாட்டார்.