இரண்டு நாளில் முடிந்த டெஸ்டும் இருபத்தாறு ஆண்டுக் காத்திருப்பும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2018 ஜூன் மாதம் நம் பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் ஆப்கானிஸ்தான் ஆடிய முதல் டெஸ்டுக்கு, சனிக்கிழமையன்று பிள்ளைகளை அழைத்துப் போவதாகச் சொல்லி வைத்திருந்தேன். ஆட்டம் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. மூன்றாம் நாளைக்கூட எட்ட முடியாத அணிக்கு டெஸ்ட் தகுதி எதற்காக? (வாசகர், அல்சூர்)

பதில்: அந்த ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. முதல் நாள் முழுவதும் நானும் மைதானத்தில் இருந்தேன். ஷிகர் தவான் உணவு இடைவேளைக்கு முன்பே சதம் அடித்தபோது, இந்த ஆட்டத்தை நடத்தியதே தவறோ என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அன்று மாலை நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஒரு விக்கெட்டுக்கு 280 என்றிருந்த இந்தியா, ஆட்ட நேர முடிவில் ஆறு விக்கெட்டுக்கு 347 என்று ஆனது. காலை முழுவதும் அடி வாங்கிய பிறகு, பழக்கமில்லாத, டெஸ்டுக்கான சிவப்புப் பந்தை வைத்துக்கொண்டு, அந்தப் பந்துவீச்சாளர்கள் திரும்பி வந்தார்கள். மறுநாள் அவர்களுடைய மட்டையாட்டம் 109, 103 என்று ஒரே நாளில் இருமுறை சரிந்ததையும், இன்னிங்ஸ் மற்றும் 262 ஓட்ட வித்தியாசத்தில் அவர்கள் தோற்றதையும் நான் மறைக்கவில்லை.

இருந்தாலும், ஒரே நாளில் இருமுறை ஆட்டமிழந்த முதல் அணி எது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 1952 ஜூலையில், மான்செஸ்டரில், 58 ஓட்டத்துக்கும் 82 ஓட்டத்துக்கும் சுருண்டது இந்திய அணிதான். நாம் டெஸ்ட் ஆடத் தொடங்கி அப்போது இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. நம்முடைய முதல் டெஸ்ட் வெற்றியே, 1932இல் லார்ட்ஸில் தொடங்கிய பயணத்தின் இருபத்தைந்தாவது ஆட்டத்தில், அதே 1952ஆம் ஆண்டு பிப்ரவரியில், சென்னைச் சேப்பாக்கத்தில், வினு மன்கட் பன்னிரண்டு விக்கெட்டுகளை வீழ்த்திய பிறகுதான் கிடைத்தது. நியூசிலாந்தின் கதை இன்னும் நீளமானது. 1930இல் முதல் டெஸ்ட் ஆடிய அந்த நாடு 1955இல் வெறும் 26 ஓட்டத்துக்கு ஆட்டமிழந்தது. அடுத்த ஆண்டு, தன் நாற்பத்தைந்தாவது டெஸ்டில்தான், முதன்முதலாக வென்றது. அந்த இருபத்தாறு ஆண்டுகளில் எவரேனும் அவர்களுடைய தகுதியைப் பறித்திருந்தால், 2021இல் முதல் உலக டெஸ்ட் சாம்பியன் பட்டம் வென்ற அணி இருந்திருக்குமா?

ஆப்கானிஸ்தானுக்கோ அவ்வளவு காலம் தேவைப்படவில்லை. பெஷாவரைச் சுற்றியிருந்த அகதி முகாம்களில் கிரிக்கெட் கற்றவர்களின் அணி அது. 2008இல் ஜெர்சி தீவில், டெஸ்ட் தகுதி இல்லாத நாடுகளுக்கான உலக லீக்கின் ஐந்தாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. பெங்களூரில் தோற்ற ஒன்பதே மாதத்தில் டேராடூனில் அயர்லாந்தை வென்றது. அதே ஆண்டு செப்டம்பரில், ரஷித் கான் தலைமையில், சட்டோகிராமில் வங்கதேசத்தை அதன் சொந்த மண்ணிலேயே 224 ஓட்ட வித்தியாசத்தில் வீழ்த்தியது. மூன்று டெஸ்டில் இரண்டு வெற்றி. உங்கள் பிள்ளைகள் இப்போது பெரியவர்களாகியிருப்பார்கள். அவர்களுக்கு இந்த இரண்டாம் பகுதியையும் சொல்லுங்கள்.

கேள்வி: பெரிய அணியை உலகக் கோப்பையில் ஒருமுறை தோற்கடித்துவிட்டாலே டெஸ்ட் தகுதி கொடுத்துவிடலாமா? கென்யா அரையிறுதி வரை வந்ததே, அது எங்கே போனது? (கல்லூரி மாணவர், ஸ்ரீராமபுரம்)

பதில்: கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து, அதற்குச் சான்றாக நான் காட்டுவதும் கென்யாவைத்தான். 1996இல் புனேயில் மேற்கிந்தியத் தீவுகளை 93 ஓட்டத்துக்குச் சுருட்டி வென்ற அணி அது. 2003இல் நைரோபியில் இலங்கையைத் தோற்கடித்து அரையிறுதிக்கே வந்தது. பாதுகாப்பு கருதி நியூசிலாந்து நைரோபிக்குச் செல்லாததால் கிடைத்த புள்ளிகளும் அதற்கு உதவின என்பது உண்மைதான். ஆயினும் டர்பனில் இந்தியாவுக்கு எதிராக அரையிறுதி ஆடிய அணியை வெறும் அதிர்ஷ்டத்தின் பிள்ளை என்று ஒதுக்க முடியாது. ஆனால் அந்தத் தலைமுறைக்குப் பின்னால் அடுத்த தலைமுறை வந்து நிற்கவில்லை. 2014இல் ஒருநாள் போட்டித் தகுதியையும் அந்த நாடு இழந்தது. ரஞ்சிக் கோப்பையைப் போல மூன்று நான்கு நாள் நின்று ஆடப் பழக்கும் உள்நாட்டுப் போட்டி ஆழமாக வேரூன்றாத இடத்தில், பதினொரு திறமைசாலிகள் ஓய்வு பெற்றதும் அணியே ஓய்வு பெற்றுவிடுகிறது.

மறுபக்கத்தில் அயர்லாந்து இருக்கிறது. 2011 மார்ச் 2ஆம் தேதி, இதே சின்னசாமி மைதானத்தில், இங்கிலாந்தின் 327 ஓட்டத்தைத் துரத்திய அவர்கள் ஐந்து விக்கெட்டுக்கு 111 என்று தத்தளித்தபோது, கெவின் ஓ பிரையன் ஐம்பது பந்தில் சதம் அடித்து வெற்றிக்கு வழிவகுத்தார். அந்த இரவை இந்த ஊரில் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஆயினும் அயர்லாந்துக்கு 2017இல் தகுதி கிடைத்தது அந்த ஓர் இரவுக்காக அன்று. டெஸ்ட் தகுதி இல்லாத இணை உறுப்பு நாடுகளுக்காக, உலகக் கிரிக்கெட் அமைப்பான ஐசிசி நடத்திய நான்கு நாள் ஆட்டத் தொடரான இன்டர்காண்டினென்டல் கோப்பையை அவர்கள் நான்கு முறை வென்றிருந்தார்கள். அதற்கிடையில் டெஸ்ட் ஆட வேண்டும் என்பதற்காகவே இயான் மார்கன், எட் ஜாய்ஸ், பாய்ட் ராங்கின் போன்றவர்கள் இங்கிலாந்துக்குப் போனார்கள். தகுதியைக் காலங்கடத்துவதால் ஒரு சிறிய நாடு இழப்பது தன் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களை என்பதற்கு, பின்னாளில் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வென்று கொடுத்த மார்கனைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

என்னை உண்மையில் வருத்துவது தகுதி கிடைத்த பிறகு நடந்தது. 2019 ஜூலையில் லார்ட்ஸில் இங்கிலாந்தை 85 ஓட்டத்துக்குச் சுருட்டிய அயர்லாந்து, அதன்பின் 2023 ஏப்ரல் வரை ஒரு டெஸ்டும் ஆடவில்லை. கொரோனாக் காலம் அதில் ஒரு பகுதிதான். 2019இல் தொடங்கிய உலக டெஸ்ட் சாம்பியன் போட்டியில் ஒன்பது அணிகளுக்கே இடம். அயர்லாந்து, ஆப்கானிஸ்தான், ஜிம்பாப்வே மூன்றும் வெளியே நிற்கின்றன. பந்தியில் இலையைப் போட்டுவிட்டுப் பரிமாறாமல் போவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கேள்வி: பெண்களை ஆடவிடாத நாட்டுக்கு முழு உறுப்பினர் தகுதி நீடிப்பது நியாயமா? (இல்லத்தரசி, கிருஷ்ணராஜபுரம்)

பதில்: நியாயம் இல்லை. டெஸ்ட் ஆடும் உரிமை ஐசிசியின் முழு உறுப்பு நாடுகளுக்கே உண்டு; பெண்கள் அணி இருப்பதும் முழு உறுப்பு நாட்டின் கடமைகளில் ஒன்று. 2020 நவம்பரில் ஆப்கானிஸ்தானில் இருபத்தைந்து பெண்களுக்கு ஒப்பந்தம் தரப்பட்டது. அடுத்த ஆண்டு தாலிபான்கள் ஆட்சியைப் பிடித்ததும் அவர்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்குத் தப்பிச் சென்றார்கள். 2025 ஜனவரியில் மெல்போர்னில் அவர்கள் ஒன்றுகூடி ஓர் ஆட்டம் ஆடியபோது, தங்கள் நாட்டின் பெயரை அதிகாரப்பூர்வமாக அணிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஆண்கள் அணியை விலக்கிவிட்டால் இந்த அநீதி தீருமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு, ஏனெனில் அந்தத் தடையை விதித்தவர்கள் ஆட்டக்காரர்கள் அல்லர். ஆனால் அந்நாட்டு வாரியத்துக்கு ஐசிசி தரும் தொகையில் ஒரு பகுதியை நேரடியாக அந்தப் பெண்கள் அணிக்கு ஒதுக்குவதற்கும், அவர்களை அகதி அணியாகவேனும் அங்கீகரிப்பதற்கும் எந்தத் தயக்கமும் தேவையில்லை.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் காவல் பணி செய்யும் நேபாள இளைஞர், “எங்கள் நாடு எப்போது டெஸ்ட் ஆடும், அண்ணா?” என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்? (வாசகர், ஜாலஹள்ளி)

பதில்: விரைவில் என்று பொய் சொல்லாதீர்கள்; முடியாது என்றும் சொல்லாதீர்கள். 2024 இருபது ஓவர் உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவிடம் நேபாளம் ஒரே ஓட்டத்தில் தோற்றது. கீர்த்திபூர் மைதானத்தைச் சுற்றியுள்ள மேடுகளில்கூட மக்கள் நின்று பார்க்கிறார்கள். அந்த ஆர்வத்தைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. குறை இருப்பது பாதையில். அயர்லாந்தும் ஆப்கானிஸ்தானும் ஏறி வந்த இன்டர்காண்டினென்டல் கோப்பை 2017உடன் நின்றுபோனது. அதன் இடத்தில் வேறொன்றும் வரவில்லை. நான்கு நாள் ஆடவே வாய்ப்பில்லாத நாட்டிடம் ஐந்து நாள் ஆடத் தகுதி உண்டா என்று கேட்பது முறையன்று. அந்தத் தொடரை நேபாளம், ஸ்காட்லாந்து, நெதர்லாந்து போன்ற நாடுகளுக்காக மீண்டும் தொடங்கி, வெல்லும் அணிக்குக் கடைநிலை டெஸ்ட் நாட்டுடன் ஓர் ஆட்டத்தை உறுதிசெய்தால், அந்த இளைஞரின் கேள்விக்கு ஓர் ஆண்டைக் குறிப்பிட்டே பதில் சொல்லிவிடலாம். இப்போதைக்கு, இந்தியா தன் முதல் வெற்றிக்கு இருபது ஆண்டு காத்திருந்த கதையை அவரிடம் சொல்லுங்கள். அடுத்த ரஞ்சி ஆட்டம் நம் ஊரில் நடக்கும்போது, அவருடைய விடுப்பு நாளாகப் பார்த்து, உங்களுடன் அழைத்துச் செல்லுங்கள்.