பெங்களூரில் மொட்டை மாடியில் கறிக்காக முயல் வளர்க்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்குப் பெங்களூரில் சொந்த வீடு, மேலே காலி மாடி. ஒருவர் வந்து, ‘ஒரு யூனிட்’ முயல் இறக்கித் தருகிறேன், குட்டிகளை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன், வீட்டுக்குக் கறியும் ஆச்சு, மாத வருமானமும் ஆச்சு என்கிறாராம். இறங்கலாமா?

வீட்டுக் கறிக்கு என்றால் தாராளமாக இறங்கலாம். யூனிட்டுக்கு என்றால் வேண்டாம். லிங்கராஜபுரத்தில் எங்கள் மாடியில் ஆறு வருடமாக முயல் இருக்கிறது. குட்டிகளை விட்டுவிட்டால், எண்ணிக்கை ஒரு ஆண், இரண்டு பெண்ணைத் தாண்டியதே இல்லை.

யூனிட் என்பது இந்தத் தொழிலில் 7 பெண், 3 ஆண். கேட்டவுடனே கணக்கு இடிக்க வேண்டும். ஏழு பெண்ணுக்கு ஒரு ஆண் போதும். கையிருப்புக்கு இன்னொன்று என்றாலும் மூன்றாவது எதற்கு? விற்பவரிடம் ஆண் குட்டிகள் மிஞ்சிக் கிடக்கும், அதைத் தள்ளிவிடத்தான் என்பது என் ஊகம். சரி, அது போகட்டும். திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்கிறாரே, உங்கள் குட்டி எங்கே போகும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கறிக்கடைக்குப் போகாது. அடுத்து ஏமாறப்போகிறவரின் யூனிட்டாகப் போகும். புதிதாக ஆள் சேரும்வரை பணம் வரும், அப்புறம் போன் எடுக்க மாட்டார்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் ஜனங்கள் பணத்தைக் கொட்டிவிட்டுக் காவல் நிலையத்தில் வரிசையில் நின்றதும் இப்படித்தான். எங்கள் தெருக் கறிக்கடை பாயிடம் நான் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். “மொலாவா (கன்னடத்தில் முயல்)? யாராவது கேட்டா உங்க வீட்டைக் காட்டி அனுப்புறேன் சார். வாங்கி வெச்சுக்கிட்டு நான் யாருக்கு விக்கிறது?” என்றார். ஆறு வருடத்தில் இரண்டு பேரை அனுப்பியிருக்கிறார்.

அதனால் வருமானத்தை மறந்துவிட்டு, வளர்ப்பதைப் பார்ப்போம்.

நான் முதலில் வாங்கிய ‘ஜோடி’ சிவாஜிநகரில் ஒரு செல்லப் பிராணிக் கடையில் கிடைத்தது. நாலு மாதம் காத்திருந்தும் ஒன்றும் நடக்கவில்லை, இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டதுதான் மிச்சம். இரண்டும் ஆண். குட்டியாக இருக்கும்போதே வாலுக்குக் கீழே மெதுவாக அழுத்திப் பார்த்தால் பெண்ணுக்கு நீளக் கீறலாகத் தெரியும், ஆணுக்கு வட்டமாக முனை வரும். கடைக்காரரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அதோடு, கடையில் விற்கும் கலர் கலரான குட்டை முயல்கள் ஒன்றரைக் கிலோவிலேயே நின்றுவிடும். கறிக்கு நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட், சாம்பல் ஜெயண்ட் இவைதான் சரி. கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையத்திலும், ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவிலும் இந்த இனங்களை வளர்க்கிறார்கள். முன்பே கேட்டு வைத்துவிட்டுப் போங்கள். மைசூர் வழியாக ஊட்டி போய்த் திரும்புகிறவர்களுக்கு ஒன்று: பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6-க்குத்தான் திறப்பார்கள். கூடையில் முயலை வைத்துக்கொண்டு அங்கே மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இனி முக்கியமான விஷயம், வெயில். பெங்களூர் குளிர்ச்சியான ஊர்தானே என்று நினைப்போம். தரையில் இருக்கிற பெங்களூர் வேறு, தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற மொட்டை மாடி வேறு. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். 25 டிகிரி வரை சுகமாக இருக்கும், 30-க்கு மேல் தவிக்கும், 35-ல் செத்துப்போகும் அபாயம் உண்டு. 2024 ஏப்ரல் கடைசியில் ஊரில் 38 டிகிரி தாண்டியதே, அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் மேலே போனேன். சினையாக இருந்த பெண் முயல் பக்கவாட்டில் நீட்டிப் படுத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முயல் வாயைத் திறந்து மூச்சு விட்டால் அது கடைசிக் கட்டம். காதில் ஈரத்துணி சுற்றிக் கீழே தூக்கி வருவதற்குள் போய்விட்டது. அந்த வருடம் தண்ணீர்ப் பஞ்சம் வேறு. லாரித் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த வீட்டில், முயலுக்குச் சாக்கு நனைக்கணும் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

இப்போது கூண்டுகள் மாடிப்படி அறையின் வடக்குச் சுவரை ஒட்டி நிற்கின்றன. தகரத்துக்கு மேல் தென்னை ஓலை, மேற்குப் பக்கம் சாக்குப் படுதா. துணி அலசிய தண்ணீரை வாளியில் எடுத்து வைத்திருந்து அதை நனைக்கிறேன். மார்ச் முதல் மே வரை ஃப்ரிட்ஜில் பாதி இடம் தண்ணீர் பாட்டிலுக்குத்தான். ஐஸான பாட்டிலைச் சாக்கில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்தால் முயல் அதில் காதைச் சாய்த்துப் படுத்துக்கொள்ளும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் இணை சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் பலன் குறைவு, வெயிலில் ஆணின் விந்து கெட்டுவிடும், தேறி வர இரண்டு மாதம் பிடிக்கும்.

இணை சேர்க்கும்போது பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டு போக வேண்டும். மாற்றிச் செய்தால், தன் இடத்துக்கு வந்த ஆணைப் பெண் கடித்துவிடும். காரியம் முடிந்ததும் ஆண் ஒரு சின்னச் சத்தத்தோடு பக்கவாட்டில் சரிந்து விழும். முதன்முதலில் பார்த்தபோது மாரடைப்பு என்று நினைத்துவிட்டேன்.

அங்கிருந்து 30, 31 நாளில் குட்டி. 27-ஆம் நாளே கூண்டுக்குள் ஒரு மரப்பெட்டி வைத்துக் கேழ்வரகுத் தாளைப் பரப்பிவிடுவேன். தாய் தன் வயிற்று முடியைப் பிடுங்கி மெத்தை போட்டுக்கொள்ளும். முதல் ஈற்றை மறக்க முடியாது. விடியற்காலையில் பெட்டியைப் பார்த்தால் வெள்ளை முடிக்குள் ஏதோ நெளிகிறது. விலக்கினால் ஏழு குட்டி. முடி கிடையாது, கண் திறக்கவில்லை, உரித்த இறால் மாதிரி இருந்தன. தாயோ அந்தப் பக்கமே திரும்பாமல் மூலையில் உட்கார்ந்து புல் மென்றுகொண்டிருந்தது. பகல் முழுக்க நானும் மனைவியும் மாறி மாறிக் காவல் இருந்தோம். ஒரு தடவைகூட உள்ளே போகவில்லை. “ஏங்க, இது ஒதுக்கிடுச்சுங்க” என்று அவள் பசும்பாலைச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். இங்க் ஃபில்லரில் ஆளுக்கு ரெண்டு சொட்டு. மூன்று குட்டிக்கு மூக்கு வழியாகப் பால் வந்தது. மறுநாள் அந்த மூன்றும் இல்லை.

கால்நடை மருத்துவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “வயிறு ஒட்டியிருந்துச்சா, உப்பியிருந்துச்சா?” நாங்கள் பார்க்கவே இல்லை. முயல் நாளுக்கு ஒரு முறைதான் பால் கொடுக்கும், அதுவும் பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ, மூன்று நான்கு நிமிடம். மற்ற நேரமெல்லாம் குட்டிகளை விட்டு விலகி இருப்பதுதான் அதன் பாதுகாப்பு, மோப்பம் பிடித்து வரும் எதிரிக்குப் பொந்து தெரியக்கூடாது இல்லையா. இப்போதெல்லாம் காலையில் ஒரு குட்டியை எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பேன். பால் குடித்திருந்தால் வயிறு டம்மென்று இருக்கும், மெல்லிய தோலுக்குள் பால் வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால் பெட்டியை மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். தோல் சுருங்கியிருந்தால் மட்டும் தாயைப் பிடித்துப் பெட்டிக்குள் உட்கார வைக்க வேண்டும். 10, 12 நாளில் கண் திறக்கும். மூன்றாவது வாரத்தில் தானே வெளியே வந்து புல்லைக் கொறிக்கும். ஐந்தாறு வாரத்தில் பிரித்துவிடலாம்.

தீனி பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. காரட் சினிமா முயலுக்கு. நம் முயலுக்குக் காய்ந்த புல்லும் தாளும்தான் சாப்பாடு, மேலே கைப்பிடி குச்சித் தீவனம் (கடையில் ‘பெல்லட்’ என்பார்கள்), கொஞ்சம் பசுந்தழை. காய்க்கடையில் காலிஃபிளவர் இலையைச் சும்மாவே தருவார்கள், ஆனால் அப்படியே போட்டால் வயிறு உப்பிச் சாகும். பூச்சிமருந்து போக நன்றாகக் கழுவி, ஒரு ராத்திரி நிழலில் வாடவிட்டுக் கொஞ்சமாகப் போடுங்கள். எங்கள் காம்பவுண்டு ஓரத்தில் கல்யாண முருங்கை இருக்கிறது, மாடியில் நாலு பையில் வேலிமசால் என்ற தீவனச் செடி வைத்திருக்கிறேன். மூன்று முயலுக்கு மேல் நான் போகாததற்குக் காரணம் இடம் இல்லை, தழைதான். அப்புறம், முயல் தன் புழுக்கையைத் தானே தின்பதைப் பார்த்து அருவருக்க வேண்டாம். ஒரு முறை செரித்து வரும் மெத்தென்ற புழுக்கையை மறுபடி தின்றால்தான் அதற்குச் சத்து சேரும்.

நாற்றம் வருமா என்று கேட்பீர்கள். புழுக்கை நாறாது, மூத்திரம்தான் நாறும். கூண்டுக்கு அடியில் சாய்வாகத் தட்டு வைத்துத் தினமும் கழுவாவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட வரும்போது உங்களுக்கே தெரியும். அந்த அக்காவை நான் சமாதானப்படுத்தியது புழுக்கையால்தான். ஆட்டுப் புழுக்கை மாதிரிதான், மட்க வைக்காமலே செடிக்குப் போடலாம். அவர் ரோஜாத் தொட்டிக்கு வாங்கிப் போய், நாலு பேரிடம் சொல்லி, இப்போது மாதம் இரண்டு மூன்று பை போகிறது. கறிக்கு வராத ஆள் எருவுக்கு வருகிறது!

நோய் என்றால் குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல், பெரியவற்றுக்குக் காதுச் சொறி. கூண்டு ஈரமில்லாமல் இருந்தால் முதலாவது பாதி குறையும். காதுக்குள் பழுப்பு நிறத்தில் பொருக்குக் கட்டித் தலையை உதறினால் சொறி, மருத்துவர் ஊசி போட்டால் சரியாகிவிடும். மருந்து கொடுத்த முயலை எத்தனை நாள் கழித்து வெட்டலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கிடக்கும் அமாக்ஸிசிலினை மட்டும் வாயில் ஊற்றிவிடாதீர்கள். மனிதனுக்குக் குணமாக்கும், முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று அதையும் கொன்றுவிடும். ஹெப்பாளில் கால்நடைக் கல்லூரி இருக்கிறது, தூரத்தைப் பார்க்காமல் அங்கே போங்கள்.

இனி யாரும் கேட்கத் தயங்கும் விஷயம், வெட்டுவது. 2001-ஆம் வருடத்து விதிப்படி நகராட்சி எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற கசாப்புக் கூடத்தில்தான் பிராணிகளை வெட்டலாம். மாடியில் வெட்டி வீட்டு வாசலில் கறி விற்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள். நான் ராயக்கோட்டைப் பக்கம் மாமனார் ஊருக்குப் போகும்போது நாலைந்தை எடுத்துப் போய்விடுவேன். கூடவே தெரிந்துகொள்ளுங்கள்: காட்டு முயல் வேறு, இது வேறு. காட்டு முயலைப் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அந்த இனத்துக் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும், நம் கூண்டு முயலோடு கலப்பும் ஆகாது.

மாமா முந்தின ராத்திரி தீனியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் வைப்பார். காலையில் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி, காதுக்குப் பின்னால் கட்டையால் ஒரே அடி, உடனே கழுத்தில் கத்தி. “தயங்கினா அதுக்குத்தான் வலி, மாப்பிள்ளை” என்பார். தோல், ஈரப் பனியனைக் கழற்றுவது போல உரிந்து வந்துவிடும். முதல் வருடம் நான் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டேன். மூன்றாவது வருடம் நானே செய்தேன். இன்றுவரை பழகிவிட்டது என்று சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் யாராவது குட்டிக்குப் பெயர் வைக்கிற வழக்கம் உண்டென்றால் அதை முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். என் மகள் தாய் முயல்களுக்குத்தான் பெயர் வைப்பாள். குட்டிகளுக்கு வைக்கக்கூடாது என்பது அவளே போட்டுக்கொண்ட விதி.

கறி வெள்ளையாக, கொழுப்பே இல்லாமல் இருக்கும். அதுதான் சமைப்பதில் சிக்கல், பிராய்லர் மாதிரி வறுத்தால் நார் நாராகக் காய்ந்துவிடும். தயிரும் மஞ்சளும் போட்டு இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நல்லெண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றி, நாட்டுக்கோழிக் குழம்பு மாதிரி சின்னத் தீயில் வேகவிடுவோம். எலும்பு பொடிப்பொடியாக நொறுங்கும், சின்னப் பிள்ளைகளுக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

கணக்கு இதுதான். இரண்டு பெண், வருடத்துக்குத் தலா நான்கு ஈற்று, ஈற்றுக்கு ஐந்து குட்டி தேறினால் 40. மூன்று மாதத்தில் இரண்டு கிலோ எடை, உரித்தால் ஒரு கிலோ. ஆக வருடத்துக்கு 40 கிலோ, மாதம் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எங்கள் நாலு பேருக்கு அதுவே போதும், மிச்சம் மாமா வீட்டுக்கு. தீவனச் செலவு, என் நேரம் எல்லாம் போட்டால் கடைக் கோழியை விட மலிவு என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த ஆள் முன்பணம் கேட்கிறார் போலிருக்கிறது. நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், கொடுத்துவிட்டீர்கள் என்றால் இந்த வாரமே போய்த் திரும்பக் கேளுங்கள். மூன்று முயல் மட்டும் வாங்குவதென்றால் ஜூனில் வாங்குங்கள், வெயில் முடிந்திருக்கும். கூண்டை எங்கே வைப்பது என்று குழப்பமாக இருந்தால், மாடியில் மத்தியானம் மூன்று மணிக்கு எந்தப் பக்கம் வெறும் காலோடு நிற்க முடிகிறதோ, அங்கே வையுங்கள்.