பட்டை தப்பான இடத்தில் வருகிறதா? உடனே புது ஆன்டிபாடி வாங்காதீர்கள்

நாகர்கோவிலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எலி மூளையில் டோபமைன் டி2 ஏற்பியை (டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைப் பிடிக்கும் புரதம்) வெஸ்டர்ன் பிளாட்டில் தேடுகிறேன்; அதாவது, புரதங்களை எடைவாரியாக ஜெல்லில் பிரித்து, குறிப்பிட்ட புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் பட்டையாகக் காண்கிறேன். 50 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் வர வேண்டிய பட்டை இல்லை. 75க்கு மேல் தீற்றலாகவும், ஜெல்லின் உச்சியில் அடர்த்தியாகவும் தெரிகிறது. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா? அடுத்து குளச்சல் மீன்களிலும் இதையே பயன்படுத்தலாமா?"

சாம்பிளை 95 டிகிரியில் கொதிக்க வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மற்ற புரதங்களுக்கு அது சரி. செல் சவ்வை ஏழு முறை ஊடுருவும் இந்த வகை ஏற்பிகள், கொதித்தால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, ஜெல்லுக்குள் இறங்காமல் உச்சியிலேயே நின்றுவிடும். 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

தீற்றலுக்குக் காரணம் பெரும்பாலும் ஏற்பியில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள். 50 என்பது அமினோ அமிலங்களின் எடை மட்டும்தான். பிஎன்ஜியேஸ் எஃப் நொதியால் சங்கிலிகளை வெட்டிய பிறகு பட்டை 50ஐ நோக்கி இறங்கினால் நல்ல அறிகுறி.

ஆனாலும் அந்தப் பட்டை டி2தான் என்று அதை வைத்தே சொல்லிவிட முடியாது. 2009இல் வெளிவந்த பல ஆய்வுகள், இதே வகையைச் சேர்ந்த மஸ்கரினிக், அட்ரினெர்ஜிக் ஏற்பிகளுக்கென விற்கப்பட்ட ஆன்டிபாடிகள், அந்த ஏற்பியே இல்லாத நாக்அவுட் எலிகளிலும் அதே பட்டைகளைக் காட்டியதைச் சொல்லின. ஆன்டிபாடியை உருவாக்கப் பயன்படுத்திய பெப்டைடை (சிறு புரதத் துண்டை) சேர்த்ததும் பட்டை மறைகிறது என்று கம்பெனித் தாளில் போட்டிருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆன்டிபாடி அந்தப் பெப்டைடைப் பிடிக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. தவறான புரதத்தின் பட்டையும் அப்படியே மறையும்.

நாக்அவுட் எலி கிடைக்காவிட்டால், டி2 மரபணு செலுத்திய ஹெக் 293 செல்லையும் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல் வகை) செலுத்தாததையும் பக்கத்துப் பக்கத்து லேனில் ஓட்டுங்கள். கூடவே டி2 நிறைந்த மூளைப் பகுதியான ஸ்ட்ரையேட்டத்தையும் மிகக் குறைவாக உள்ள சிறுமூளையையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே அடர்த்தி என்றால், அப்போது வேறு ஆன்டிபாடி தேடலாம்.

மீன் விஷயம் சிக்கலானது. சாளையா நெத்திலியா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும், ஆன்டிபாடி பிடிக்கும் பகுதியின் அமினோ அமில வரிசையைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கி, மீனின் வரிசையோடு பொருத்திப் பாருங்கள். பல ஆன்டிபாடிகள் குறிவைக்கும், ஏற்பியின் செல்லுக்குள் இருக்கும் மூன்றாவது வளையம் இனத்துக்கு இனம் நிறைய மாறும். வரிக்குதிரை மீனில் டி2 மரபணுவே ஒன்றுக்கு மேல் உண்டு. பொருந்தாவிட்டால், ஆர்என்ஏவை அளக்கும் கியூபிசிஆரோடு தொடங்குவதே நல்லது. புரத அளவை அது சொல்லாது, அதைக் கட்டுரையில் தெளிவாக எழுதிவிடுங்கள்.

அப்புறம், மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். உறைந்து உருகுவது ஆன்டிபாடிக்கு ஆகாது. வந்த அன்றே சிறு குழாய்களில் பிரித்து வையுங்கள். தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசர் வேண்டாம்.