எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்க் கேளுங்கள், ஆச்சி

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார்: "சிங்கப்பூரில் இருக்கும் மகன் பெங்களூரில் ஒரு 2011 மாடல் ஆடி டி.டி. காரைப் பார்த்து வைத்திருக்கிறான். 62,000 கிலோமீட்டர் ஓடியதாம், 11 லட்சமாம். ஊருக்கு வரும்போது மட்டும் ஓட்டுவான், மற்ற நாளெல்லாம் வீட்டில்தான் நிற்கும். ரிப்பேர் என்று வந்தால் எவ்வளவு இழுக்கும்? பணம் நான்தான் கொடுக்கவேண்டும்."

ஆச்சி, 11 லட்சம் வண்டிக்குள் ஏறுவதற்கான பணம்தான். அதுபோக இரண்டரை, மூன்று லட்சம் தனியாக எடுத்து வைக்க மனமிருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் இப்போதே மகனிடம் சொல்லிவிடுங்கள். இது ஹங்கேரியில் செய்து முழுசாக இறக்குமதியான கார். கதவுக் கண்ணாடி, விளக்கு, பம்பர் எதுவானாலும் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். எஞ்சின் சாமான் மட்டும் அவ்வளவு சிரமமில்லை. நம் ஊரில் ஓடும் பழைய ஸ்கோடா சூப்பர்ப் பெட்ரோல் வண்டியின் எஞ்சினும் இதே குடும்பம்தான்.

அந்தக் குடும்பத்துக்கே உள்ள நோய் டைமிங் செயின். பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று மோதாமல் தாளம் தப்பாமல் ஓட, சைக்கிள் செயின் போல ஒன்று எஞ்சினுக்குள் ஓடுகிறது. அதைத் தொய்யாமல் பிடித்திருக்கும் டென்ஷனர், ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. வண்டி நின்றுகொண்டே இருந்தால் ஆயில் கீழே இறங்கிவிடும். பழைய வகை டென்ஷனர் அந்த நேரத்தில் பிடியை விட்டால் செயின் பல் தாண்டும், பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். முன்கூட்டியே செயின், டென்ஷனர் எல்லாம் மாற்றிவிட்டால் வெளி ஒர்க்‌ஷாப்பில் ஏறக்குறைய ஒரு லட்சத்தோடு போகும். இடித்த பிறகு என்றால் எஞ்சினையே இறக்கிப் பிரிக்கவேண்டும், அதற்கு நான் கணக்குச் சொல்ல விரும்பவில்லை.

செயின் தொய்ந்திருக்கிறதா என்று எஞ்சினே சொல்லும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு மூன்று விநாடி கடகடவென்று ஒரு சத்தம் வரும், ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். தரகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் நீங்கள் போவதற்கு அரைமணி முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுகிறார்கள். போன வருஷம் ஒருவருக்காக இதே மாதிரி ஒரு வண்டியைப் பார்க்கப் போனேன். பானட்டில் கை வைத்தேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. "வெயில்ல நின்னுச்சு சார்" என்றார் தரகர். வண்டி நின்றது பேஸ்மென்ட் பார்க்கிங்கில். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் போய் சாவியைத் திருப்பினோம். வாட்ச்மேனே திரும்பிப் பார்த்தார்.

இன்னொரு வித்தை, கம்ப்யூட்டரில் இருக்கும் பிழைகளை அழித்துவிட்டுக் காட்டுவது. "ஸ்கேன் போட்டாச்சு, சுத்தம்" என்பார்கள். அழிக்கும்போது வண்டி தன்னைத் தானே சோதித்துவைத்த பதிவும் சேர்ந்து போய்விடும் என்பதைச் சொல்லமாட்டார்கள். அது மறுபடி நிரம்ப வண்டி கொஞ்ச நாள் ஓடவேண்டும். சொந்தமாக ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். சோதனை முடியவில்லை என்று திரையில் வந்தால் பேச்சே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

கியர்பாக்ஸ் டி.எஸ்.ஜி. வகை, அதாவது இரட்டைக் கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றவேண்டும். உங்கள் வண்டி 62,000-இல் நிற்கிறது, மாற்றிய பில் எங்கே என்று கேளுங்கள். வாய்வார்த்தை போதாது. உள்ளே கியர் மாற்றத்தைக் கவனிக்கும் மெக்கட்ரானிக் யூனிட் போனால் ரிப்பேருக்கே ஒரு லட்சத்தை ஒட்டி வரும், புதிது என்றால் அதைவிட எவ்வளவோ அதிகம்.

2008, 2009 மாடல் டி.டி. விலை குறைவாக வந்தால் மகன் மனம் மாறலாம். 200 குதிரைசக்தி உள்ள அந்தப் பழைய எஞ்சினுக்கு மேலே சொன்ன செயின் கதை பொருந்தாது, அதில் டைமிங் பெல்ட். ஆனால் அதற்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. எஞ்சினில் இருக்கும் பெட்ரோல் பம்புக்கும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்கும் நடுவில், விரல் நுனியில் மாட்டுகிற அளவுக்கு ஒரு சின்ன எஃகுக் கிண்ணம் இருக்கிறது. அது தேய்ந்து ஓட்டையானால் பம்பின் தண்டு கேம் ஷாஃப்டையே அரைக்க ஆரம்பித்துவிடும். சில ஆயிரம் ரூபாய்ச் சாமான், பம்பைக் கழற்றினால் கையில் வந்துவிடும். எத்தனை பேரிடம் சொன்னாலும் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. பழைய மாடல்தான் வாங்குவதென்றால் முதல் வேலையாக அதைக் கையில் வாங்கிப் பாருங்கள், கறுப்புப் பூச்சு போய் வெள்ளையாக மின்னினால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது, வீட்டில்தான் நிற்கும் என்ற வரி. பேட்டரி இறங்கும், டயர் ஒரே பக்கம் அழுந்தும். எலி ஒயரைக் கடிக்கும். பெரிய வீடுகளில் எலிக்குச் சொல்லவேண்டியதில்லை. பெட்ரோலும் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது, மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை தேவகோட்டை வரை போய்வர நம்பிக்கையான டிரைவர் இருந்தால் பாதிச் செலவு மிச்சம். வாசலில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் விட்டு அணைப்பது உதவாது, கெடுதல்தான்.

அப்புறம் ஆர்.சி. என்ற பதிவுச் சான்று. 2011-இல் பதிவான வண்டிக்கு 2026-இல் 15 வருஷம் முடிகிறது. சாதாரணக் காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதி வண்டி என்று பதிவாகியிருந்தால் 40,000. அந்த இறக்குமதி வண்டியே 20 வருஷம் தாண்டினால் 80,000. இதில் எதையும் தரகர் சொல்லியிருக்கமாட்டார். கர்நாடகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபடி வரி கட்டி, அங்கே கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு அலைந்து... இரண்டு மாநிலமும் ஒரே நாட்டில்தானே இருக்கின்றன, எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியாச்சு என்கிறார்கள், பிறகு எதற்கு இந்தக் காகிதக் கட்டு என்று நானும் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "பேப்பரெல்லாம் நான் பாத்துக்கறேன், ஒரு தொகை கொடுங்க" என்று தரகர் சொன்னால் கொடுக்காதீர்கள். தடையில்லாச் சான்று கையில் வரும்வரை விலையில் இரண்டு லட்சத்தைப் பிடித்துவையுங்கள்.

மகன் விமானத்தில் பெங்களூரில் இறங்குவாரானால் முதல் நாள் தரகரைப் பார்க்கவே வேண்டாம். வண்டி எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். மறுநாள் விடிந்ததும் மெக்கானிக்கோடு போய், முதலில் பானட்டைத் தொட்டுப் பார்க்கட்டும்.