தமிழ் வழியில் படித்த மகன், இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் "வீட்டுக்கே வந்துடறேன்" என்கிறான்

கேள்வி: என் மகன் திருவண்ணாமலை பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் ப்ளஸ் டூ முடித்தான். கணக்கில் 93. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோவையில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. ஹாஸ்டலில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. தினமும் ராத்திரி போன் செய்து அழுகிறான். கிளாஸில் ஒன்றும் புரியவில்லை, எல்லோரும் இங்கிலீஷில் பேசுகிறார்கள், முதல் இன்டர்னலில் கணக்கிலேயே 50-க்கு 14 என்கிறான். "எனக்கு இது செட் ஆகாதும்மா" என்பதுதான் பேச்சு. கூட்டி வந்து பக்கத்தில் ஆர்ட்ஸ் காலேஜில் சேர்த்துவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். முதல் செமஸ்டர் தேர்வு எழுதி ரிசல்ட் வரும்வரை அந்த முடிவைத் தள்ளிப்போடுங்கள். உங்கள் மகன் சொல்வது ஒரே பிரச்சினை போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன: வீட்டு ஏக்கம், பாடமொழி மாற்றம், "இந்த இடத்துக்கு நான் லாயக்கில்லையோ" என்ற சந்தேகம். முதலாவது பெரும்பாலும் தானாகத் தணியும். இரண்டாவது வேலை செய்தால் தீரும். மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. மற்ற இரண்டையும் அது தனக்குச் சாட்சியாக இழுத்துக்கொள்ளும். "இன்றைய கிளாஸ் புரியவில்லை" என்று முடிய வேண்டியது, "எனக்கு மூளை இல்லை" என்று முடிகிறது.

பாடமொழியிலிருந்து தொடங்குவோம். அங்கேதான் சீக்கிரம் பலன் தெரியும்.

கணக்கு பேராசிரியர் போர்டில் 'டிட்டர்மினன்ட்' என்று எழுதுகிறார். உங்கள் மகனுக்கு அது புதுச் சரக்கு. ஆனால் அது பதினொன்றாம் வகுப்பில் அவன் பக்கம் பக்கமாகப் போட்ட அணிக்கோவைதான். 'இன்வர்ஸ்' நேர்மாறு, 'ரேங்க்' அணித்தரம், 'பார்ஷியல் டெரிவேட்டிவ்' பகுதி வகைக்கெழு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணக்கு அணிகளும் நுண்கணிதமும்தான். ஐகன் மதிப்பு, கெய்லி ஹாமில்டன் தேற்றம், பல்தொகையீடு போன்ற சில இடங்கள் புதியவை. மீதியில் பெரும்பகுதிக்கு அடித்தளம் அவனிடம் இருக்கிறது, பெயர்தான் தெரியவில்லை. பெயரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பேராசிரியர் மூன்று வரி தாண்டிவிடுகிறார், நான்காவது வரியில் அவன் எழுதுவதை நிறுத்திவிடுகிறான். மார்க் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு, இயற்பியல் புத்தகங்களின் ஆங்கில வழிப் பதிப்பை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அவனுடைய பழைய தமிழ்ப் புத்தகங்களை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டிலும் அதே பாடம், அதே படம், அதே சமன்பாடு. பக்கத்தில் பக்கம் வைத்து, தனக்கு மனப்பாடமான ஒரு கணக்கை ஆங்கிலப் பதிப்பில் படித்தால் எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பது அகராதி இல்லாமலே பிடிபடும். ஒரு நோட்டில் ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், ஒரு சிறு உதாரணம் அல்லது குறியீடு என்று மூன்றாகப் பிரித்து, நாளைக்கு எட்டிலிருந்து பத்துச் சொல் எழுதட்டும். அதற்கு மேல் போனால் இரண்டாம் வாரமே நோட்டு மூலைக்குப் போய்விடும்.

அடுத்த நாள் வரப்போகும் பாடத்தை முந்தைய இரவு இருபது நிமிடம் புரட்ட வேண்டும். புரிந்துகொள்ள அல்ல, தலைப்புகளும் தடித்த எழுத்துச் சொற்களும் கண்ணில் பட்டிருக்க. வகுப்பில் பேராசிரியர் வாயிலிருந்து வரும் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுத முயல்வதுதான் தமிழ் வழி மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. காதும் கையும் ஒரே நேரத்தில் மொழியோடு மல்லுக்கட்டினால் பாடத்துக்கு இடம் இருக்காது. போர்டில் இருப்பதை அப்படியே எழுதட்டும், விளக்கத்தை ஓரத்தில் தமிழிலேயே குறிக்கட்டும். தேர்வில் ஆங்கிலத்தில் எழுதும் பழக்கத்தை இரண்டு மார்க் வரையறைகளில் தொடங்கலாம். சூத்திரம், படம், சின்ன வாக்கியம் இருந்தால் போதும். இலக்கணப் பிழைக்குப் பயந்து விடையே எழுதாமல் விடுவதுதான் நஷ்டம்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். இந்த செமஸ்டரில் தேவையில்லை. கனடாவில் குடியேறிய குழந்தைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், பேச்சுமொழி சரளமாக ஏறக்குறைய இரண்டு ஆண்டும், பாடமொழி மற்றவர்களுக்கு இணையாக வர ஐந்து முதல் ஏழு ஆண்டும் ஆவதாகக் காட்டினார். பேச்சும் பாடமும் வேறு வேறு திறன்கள். பக்கத்து பெஞ்சுப் பையன் ஆங்கிலத்தில் பொளந்து கட்டுகிறான் என்பதால் அவனுக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பள்ளியில் ஆங்கிலமே தொடாதவனில்லை உங்கள் மகன், அதனால் அந்த ஐந்து, ஏழு ஆண்டுக் கணக்கை அப்படியே அவன்மேல் போடவும் வேண்டாம்.

ப்ளஸ் டூவில் 93 எடுத்த பையன் 14-க்கு இறங்க இன்னொரு காரணமும் இருக்கும். பள்ளியில் தினம் ஸ்லிப் டெஸ்ட், வாரம் ஒரு டெஸ்ட், ரிவிஷன் என்று ஆசிரியர்கள் எழுத வைத்துக்கொண்டே இருந்தார்கள். பாதிப் படிப்பு அந்த டெஸ்டுகளில்தான் நடந்தது. கல்லூரியில் அந்தக் கட்டாயம் போய்விடுகிறது, பையன்கள் நோட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துப் படித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் 2006-ல் வெளியிட்ட சோதனையில், திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அதனால் அன்றன்று மாலை நோட்டை மூடி, வெள்ளைத்தாளில் பதினைந்து நிமிடம் நினைவிலிருந்து எழுதட்டும், பிறகு திறந்து சிவப்பில் திருத்தட்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. ஒரு டெஸ்டில் 14 வாங்கியதால் அரியர் விழுந்துவிடாது.

சந்தேகம் கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. "சார், எதுவுமே புரியல" என்றால் எந்த ஆசிரியராலும் உதவ முடியாது. "சார், மூணாவது ஸ்டெப்ல இந்த டெர்ம் ஏன் ஜீரோ ஆச்சு?" என்று நோட்டைக் காட்டிக் கேட்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் தமிழிலேயே கேட்கலாம். பெரும்பாலோர் தமிழிலேயே பதில் சொல்வார்கள்.

இனி அந்த மூன்றாவது விஷயம். "நீ கெட்டிக்காரன்டா, உன்னால முடியும்" என்று நீங்கள் சொல்வது அவன் காதில் ஏறாது. அம்மா வேறென்ன சொல்வார் என்று நினைப்பான். அதே பள்ளிப் பின்னணியில் வந்து இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவர் "எனக்கும் முதல் செமஸ்டர் இப்படித்தான் இருந்தது, இன்னின்ன செய்தேன்" என்றால் ஏறும். அமெரிக்காவில் வால்டனும் கோஹனும் செய்து 2011-ல் வெளியான ஆய்வின் சாரம் இதுதான். தொடக்கத்தில் ஒட்டாமல் இருப்பது எல்லோருக்கும் உண்டு, அது போய்விடும் என்று மூத்த மாணவர்கள் வாயிலாகப் புதிய மாணவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் சொல்லப்பட்டது. அதனால் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று ஆண்டும் உயர்ந்தது. 7.5 ஒதுக்கீட்டில் வந்த சீனியர் யார் என்று வகுப்பு ஆலோசகரிடம் கேட்டால் தெரியும். ஒருவரைப் பிடித்தால் போதும்.

போன் விஷயத்தில் மாற்ற வேண்டியது நீங்கள். வீட்டு ஏக்கம் வேலையில்லாத நேரத்தில், முக்கியமாகப் படுக்கும் முன்பு ஏறும். அந்த நேரத்தில் பேசி இருவரும் அழுதால் அவன் தூக்கம் கெடும், மறுநாள் முதல் பீரியடும் போகும். பேசுவதை மாலை ஆறரை ஏழுக்கு மாற்றி, பதினைந்து நிமிடத்தில் முடியுங்கள். "அழுதியா?" என்று தொடங்காதீர்கள். "இன்னிக்கு யார்கூட சாப்பிட்ட?", "லேப்ல என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். "வந்துடறேன்" என்றால் திட்டவும் வேண்டாம், "வந்துடு" என்றும் வேண்டாம். "செமஸ்டர் எழுதிட்டு உட்கார்ந்து பேசலாம்" என்பதை ஒரே குரலில், வீட்டில் எல்லோரும் சொல்லுங்கள். அப்பா ஒன்று, மாமா ஒன்று சொன்னால் பையன் நடுவில் தொங்குவான். ஊருக்கு வரும் தேதியை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். ஒவ்வொரு வெள்ளியும் பஸ் ஏறுபவனுக்கு ஹாஸ்டலில் நட்பு ஒட்டாது, ஏனென்றால் அங்கே பழக்கம் ஏற்படுவதே சனி, ஞாயிறில்தான். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனாலும் சிக்கல்.

ஒன்றை மட்டும் நேரில் போய் விசாரியுங்கள். சீனியர்கள் காசு கேட்கிறார்களா, ராத்திரி அறைக்குக் கூப்பிடுகிறார்களா, ரெக்கார்டு எழுத வைக்கிறார்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பொதுவாக "ராகிங் இருக்கா?" என்றால் "இல்லை" என்றுதான் வரும். இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. 1997 முதல் தமிழ்நாட்டில் ராகிங் சட்டப்படி குற்றம். யுஜிசி உதவி எண் 1800-180-5522.

இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க சோர்வு, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, வகுப்புக்கே போகவில்லை, குளிப்பதுகூட இல்லை என்றால் அது வீட்டு ஏக்கத்தைத் தாண்டிவிட்டது. மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்பதுபோல ஒரு வார்த்தை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே கிளம்புங்கள். "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வழியில் இருக்கும்போதே வார்டனிடம் சொல்லி அவனைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 14416 (டெலி மானஸ் மனநல உதவி எண்) அல்லது 104 (அரசு மருத்துவ உதவி எண்) அழைத்தால் எந்த நேரமும் தமிழில் பேசலாம், அவனும் அழைக்கலாம்.

ரிசல்ட் வந்த பிறகு பாருங்கள். நான்கைந்து பாடம் தேறி ஒன்றிரண்டில் அரியர் என்றால் தொடரட்டும். மேலே சொன்னதை உண்மையாகவே செய்தும் பெரும்பாலான பாடங்கள் போய், படிப்பின் மீதே ஆர்வம் இல்லை என்றால் ஆர்ட்ஸ் காலேஜைப் பற்றிப் பேசலாம். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை. சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளை அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் தமிழ் வழியிலும் நடத்துகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். எதுவானாலும், வேறு இடம் உறுதியாகும் முன் இந்த சீட்டை விட்டுவிடாதீர்கள்.